கடை வாசலில் நிற்கிற வாகனம் யாருடையது?

மத்திய வீதியில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: டவுனுக்குள் வாகனம் நிறுத்த உள்ளூராட்சிச் சபை காசு எடுக்கத் தொடங்கினால் எங்கள் வியாபாரம் படுத்துவிடாதா, இப்போதே நிறுத்த இடமில்லை என்று சனம் வராமல் விடுகிறதே, சபை என்ன செய்தால் கடைகள் பிழைக்கும் என்று.

நான் திருகோணமலை டவுனில் இருபது வருடத்துக்கு மேல் கடைக்குள் நின்றவன். வாகனத் தரிப்பிடம் பற்றிய கூட்டங்களில் கடைக்காரர் பக்கம் இருந்து கத்தியும் இருக்கிறேன், பிறகு வீட்டுக்கு வந்து நான் கத்தியது சரிதானா என்று யோசித்தும் இருக்கிறேன். நேரே சொல்லிவிடுகிறேன். காசு எடுப்பதால் வியாபாரம் படுக்காது, இலவசமாக விடுவதால் நிமிரவும் நிமிராது. முதலில் நீங்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: காலை ஒன்பது மணிக்கு உங்கள் கடை வாசலில் வந்து நிற்கிற முதல் மோட்டார் சைக்கிள் யாருடையது?

என் கடையில் அது என்னுடையது. கடையின் முன்பக்கம் இருபது அடி. என்னுடைய சைக்கிள், என் தம்பியுடையது, வேலைக்கு நின்ற மூன்று பெடியளுடையது, ஆக ஐந்து. ஒன்றுக்கு மூன்றடி என்று வைத்தாலும் பதினைந்து அடி போயிற்று. மிச்ச ஐந்தடியில் பக்கத்துக் கடைக்காரர் ஒரு பழைய டயர் போட்டு வைத்திருப்பார், வேறு யாரும் வந்து நிறுத்திவிடக்கூடாது என்று. எதற்கு அண்ணே இது என்று கேட்டால் "கஸ்டமருக்கு" என்பார். எந்தக் கஸ்டமர் இறங்கி வந்து டயரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வண்டியை விடப்போகிறார்? ஒரு தடவை மூதூரிலிருந்து ஒரு குடும்பம் கலியாணச் சாமான் எடுக்க வான் பிடித்து வந்து, என் கடையடியில் இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் வேறு தெருவில் நிறுத்தி, அங்கேயே ஒரு கடையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு அது அடுத்த மாதம்தான் தெரியும். அந்த வீட்டுப் பெரியவர் வந்து, "தம்பி, உங்கட கடையில எப்பவும் சனமாக்கிடக்கு, முன்னால அவ்வளவு சைக்கிள், நல்ல வியாபாரம் போல" என்றார். அந்தச் சனம் நாங்கள் ஐந்து பேர்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். கார் ஒன்று நிற்கிற இடத்தை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஒன்பது மணித்தியாலம். அதில் கடை முதலாளியின் கார் நின்றால் நாள் முழுக்க ஒரு வாகனம், அதனால் வருகிற விற்பனை பூச்சியம். அரை மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று மாறி மாறி வந்துபோனால் அதே இடத்தில் பதினெட்டு வாகனம். மோட்டார் சைக்கிள் என்றால் அந்த இடத்தில் ஒரே நேரத்தில் ஐந்தாறு நிற்கும், அரை மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் நாளுக்கு நூறு பேர் அளவில் வந்துபோகலாம். இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்தான். ஆனாலும் தரிப்பிடம் என்று பேச்செடுத்தால் எல்லோருடைய மனதிலும் வருவது கார். ஆக, எத்தனை இடம் இருக்கிறது என்பதை விட ஒரு இடம் நாளுக்கு எத்தனை தடவை கை மாறுகிறது என்பதுதான் கடைக்காரனுக்குச் சோறு போடுகிற விஷயம்.

இது நான் கண்டுபிடித்த ஞானமில்லை. உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் வைக்கப்பட்டது, மணித்தியாலத்துக்கு ஐந்து சதம். அதைக் கொண்டுவந்தவர் கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரர், அந்த ஊர் வர்த்தக சம்மேளனத்தின் போக்குவரத்துக் குழுவில் இருந்தவர். அவர்களுடைய பிரச்சினை அப்படியே நம்முடையதுதான்: டவுனில் வேலை செய்கிறவர்கள் காலையிலேயே வந்து காரைக் கடைத்தெருவில் விட்டுவிட்டுப் பின்னேரம் வரை எடுக்க மாட்டார்கள், வாங்க வருகிறவனுக்கு இடமில்லை. இதில் கவனிக்க வேண்டியது, சபைக்கு வருமானம் வரட்டும் என்று அந்த மீட்டர் பிறக்கவில்லை. கடைக்காரர் பக்கத்துத் தேவையிலிருந்துதான் பிறந்தது. நம்மூரில் கதை தலைகீழாகப் போய், கட்டணம் என்றாலே சபை நம்மிடம் பறிக்கிறது என்று ஆகிவிட்டது. அதற்குச் சபையும் காரணம், அதை ஒளிக்க மாட்டேன், பிறகு வருகிறேன்.

"சனம் வராமல் விடுகிறது" என்கிறீர்களே, எந்தச் சனம்? இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தின் கடைத்தெருக்களில் 2006ல் ஒரு ஆய்வு செய்தார்கள். உங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டார்கள், சராசரியாக 41 சதவீதம் என்றார்கள். வாடிக்கையாளரிடமே கேட்டுப் பார்த்தபோது 22 சதவீதம்தான். கார்க்காரனைக் கடைக்காரன் கூட்டி மதிப்பிடுவதற்குக் காரணம் சாதாரணமானது, இடம் கிடைக்காதவன்தான் வந்து முறைப்பாடு சொல்லுவான். நடந்து வந்தவன், பஸ்ஸில் வந்தவன், சாமானை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவான். அதோடு கடைக்காரன் தானே காரில் வருகிறவனாக இருந்தால் எல்லோரும் தன்னைப்போல என்று நினைக்கத்தானே செய்வான்.

திருகோணமலையில் இந்த இடைவெளி இன்னும் கூட என்பது என் எண்ணம். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, நிலாவெளி என்று சுற்றுப்புறமெல்லாம் பெரிய சாமானுக்கு வருவது இந்த டவுனுக்குத்தான், பெரும்பாலும் பஸ்ஸில். கிண்ணியாப் பாலம் 2009ல் திறந்தபிறகு எங்கள் கடைக்கு அந்தப் பக்கத்துச் சனம் வந்த வேகத்தை நான் கண்ணால் பார்த்தவன். அதுவரைக்கும் பாதை என்று நாங்கள் சொல்கிற படகுச் சேவைக்குக் காத்துநின்று அக்கரை கடந்து வர வேண்டியவர்கள், பின்னேரம் மூன்று மணியானால் கையில் எடுத்த துணியைக்கூட வைத்துவிட்டு ஓடுவார்கள், கடைசிப் பாதை போய்விடும் என்று. பாலம் வந்ததும் ஆறு மணி வரை நின்று விலை பேசினார்கள். கடை வாசலில் ஒரு அடி தரிப்பிடம்கூடக் கூடவில்லை, வியாபாரம் கூடியது. ஆகவே கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பஸ் நிலையத்திலிருந்து உங்கள் கடைக்கு ஒரு தாய் கைக்குழந்தையோடு வெயிலில் நடந்துவர நடைபாதை இருக்கிறதா என்பதும் தரிப்பிடக் கேள்விதான். அந்த நடைபாதையில் நாங்கள் என்ன செய்கிறோம்? பொம்மை நிறுத்தி வைக்கிறோம், தள்ளுபடித் துணிக்கு மேசை போடுகிறோம், அதற்கு வெளியே சைக்கிள். அந்தத் தாய் இறங்கி வீதியில் நடக்கிறாள், பின்னால் வான்காரன் ஹோர்ன் அடிக்கிறான். நம்மூரில் யாரையும் கேட்காமல் எங்கும் நிற்கிற உரிமை டவுனுக்குள் சுற்றித் திரிகிற மானுக்கு மட்டும்தான் இருக்க வேண்டும், கடைக்காரரும் அதைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

புதிதாக நூறு கார் நிற்கிற மைதானம் ஒன்றை டவுன் நடுவே கட்டச் சொல்லுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது எழும்பிச் சொல்வார்கள். எங்கே கட்டுவது? ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், நடுவில் கழுத்து மாதிரி ஒடுங்கிய நிலத்தில்தான் நம் டவுன். பிரதான வீதி, மத்திய வீதி, என்.சி. வீதி, இடையில் குறுக்குத் தெருக்கள், அவ்வளவுதான். கோணேசர் கோவிலுக்கு வருகிற வான்களும் மே முதல் செப்டெம்பர் வரையான கடல் சீசனில் நிலாவெளிக்குப் போகிற வெளியூர் வாகனங்களும் இதற்குள்தான் நுழைந்து வர வேண்டும். இருக்கிற இடத்தைச் சுழற்றுவதைத் தவிர வேறு வழி கண்ணுக்குத் தெரியவில்லை.

இடம் கூடக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வழி இருந்தது, அதையும் நாங்களே அடைத்தோம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி புதுக் கட்டடம் என்றால் அதன் பரப்புக்கும் பாவனைக்கும் ஏற்ப வாகனத் தரிப்பிடம் காட்ட வேண்டும். வரைபடத்தில் எல்லோரும் காட்டுகிறார்கள். கட்டி முடிந்து கையில் சான்றிதழ் வந்தபிறகு கீழ்த்தளத்துக்கு ஷட்டர் போட்டு மூன்று கடையாகப் பிரித்து வாடகைக்கு விடுவது இந்த நாட்டு டவுன்களில் எல்லாம் பார்க்கிற காட்சி. தெருவோரக் கீழ்த்தளம்தான் அதிக வாடகை தரும், யார்தான் அதைக் காருக்கு விடுவார்? சபை தன் அனுமதிக் கோப்புகளைத் தூசு தட்டி, தரிப்பிடம் என்று காட்டிய இடமெல்லாம் இப்போது என்னவாக இருக்கிறது என்று ஒரு தடவை நடந்து பார்த்தால் போதும். பார்க்கிறவர்களுக்கு நண்பர்கள் குறைவார்கள் என்பதால்தான் ஒருவரும் பார்ப்பதில்லை.

சரி, சபைக்கு வருவோம். முதலில் ஒன்று, வீதி முழுக்கச் சபையின் கையில் இல்லை. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை, சி, டி வகை மாகாணத்துடையவை, மிச்சம்தான் சபையுடையது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தண்டம் எழுதுவது பொலிஸ். அதனால் சபை கோடு போடும், பொலிஸ் பார்க்காது. பொலிஸ் பிடிக்கும், அங்கே பலகை இருக்காது. கடைக்காரர் சபைக்குப் போய்ச் சத்தம் போடுவோம், அவர்கள் மற்ற இரண்டு பேரையும் கைகாட்டுவார்கள். இதற்கு மேல் 2023 மார்ச்சில் நாடு முழுக்கச் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரைக்கும் தெரிவான உறுப்பினரே இல்லாமல் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அந்த இரண்டு வருடமும் நீங்கள் போய் யாரிடம் தரிப்பிடக் கொள்கை கேட்பீர்கள்? இப்போது வாக்குக் கேட்டு வந்த முகங்கள் இருக்கின்றன, கேட்கலாம்.

இனி, கட்டணம் என்றாலே சனத்துக்கு வயிறு எரிவதற்குக் காரணம். பல சபைகள் செய்கிற வேலை என்னவென்றால், கேள்விப்பத்திரம், அதாவது டெண்டர், கோரி, கூடின தொகை சொன்னவருக்குத் தெருவை வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிடும். சபைக்கு முற்பணமாக ஒரு தொகை வந்துவிடும், பிறகு அந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்பதில் சபைக்கு அக்கறை வர வேண்டிய அவசியமே இல்லை. குத்தகைக்காரருக்குப் போட்ட காசை எடுக்க வேண்டும். நிற்கிறவர் கடைக்கு வந்தவரா வேலைக்கு வந்தவரா என்பது அவருக்கு ஒன்றுதான், கட்டணத் துண்டு விற்றால் சரி. தெற்கில் ஒரு டவுனில் மருந்து வாங்க இரண்டு நிமிஷம் நிறுத்தினேன், எஞ்சின்கூட நிற்கவில்லை, ஒரு பெடியன் ஓடிவந்து துண்டைக் கண்ணாடியில் செருகினான். காசு கொடுத்துவிட்டு அடுத்த தெருவில் போய் நிறுத்தினால் அங்கே இன்னொருவன், "அது அந்தப் பக்கத் துண்டு சேர்" என்கிறான். சின்னக் காசுதான், ஆனாலும் அன்றைக்கு வாங்க நினைத்த மற்றச் சாமானை நான் அங்கே வாங்கவில்லை. இந்த முறையைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தால் நீங்கள் பயப்படுகிற மாதிரியே நடக்கும், நானும் உங்களோடு வந்து கத்துவேன்.

ஆனால் வேறு விதமாகவும் செய்யலாம். கலிபோர்னியாவில் பசடீனா என்ற நகரத்தின் பழைய கடைத்தெரு ஒரு காலத்தில் பாழடைந்து கிடந்தது. 1993ல் அங்கே மீட்டர் வைக்கப்போனபோது கடைக்காரர்கள் உங்களைப்போலத்தான் எதிர்த்தார்கள், வருகிற கொஞ்சச் சனமும் ஓடிவிடும் என்று. நகரசபை ஒரு வாக்குக் கொடுத்தது: இந்தத் தெருவில் எடுக்கிற காசு முழுக்க இந்தத் தெருவுக்கே. நடைபாதை, விளக்கு, மரம், துப்புரவு எல்லாம் அந்தக் காசில் வந்தது, தெரு எழும்பியது. தரிப்பிடம் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் இதைத்தான் திரும்பத் திரும்ப உதாரணம் காட்டி வந்தார். ஒரு தெருவில் நூறு இடம் இருந்தால் 85 அளவில் நிறைந்து மிச்சம் காலியாக இருக்கிற அளவுக்கு விலை வை, அதற்கு மேல் வைக்காதே, கீழும் வைக்காதே என்பது அவர் கணக்கு. காலியாகவே கிடந்தால் விலை கூடிவிட்டது, குறை. இந்த இரண்டாவது பாதியைத்தான் சபைகள் வசதியாக மறந்துவிடும்.

இங்கிலாந்தில் இதற்கு நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். லண்டனின் பார்னெட் சபை குடியிருப்பாளரின் தரிப்பிட அனுமதிக் கட்டணத்தை ஏற்றியது, வேறு வீதிச் செலவுகளுக்குக் காசு சேர்க்க. 2013ல் உயர் நீதிமன்றம், தரிப்பிடச் சட்டம் வரி அறவிடுகிற சட்டமில்லை, மிச்சக்காசு சேர்ப்பதையே நோக்கமாக வைத்துக் கட்டணம் ஏற்ற முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அங்கேயும் கடைத்தெருக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று 2011ல் மேரி போர்ட்டாஸ் என்பவரைக் கொண்டு அரசாங்கம் அறிக்கை எழுதுவித்தது. அதில் அவர் இலவசத் தரிப்பிடம் கேட்டார்தான், ஆனால் கட்டுப்பாட்டோடு கூடிய இலவசம். அந்தக் "கட்டுப்பாட்டோடு" என்ற சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தூக்கிப்பிடிக்கிறவர்கள் அங்கேயும் உண்டு.

ஒரு வாதத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், டவுன் வியாபாரம் விழுந்ததற்குத் தரிப்பிடம்தான் காரணம் என்பது. 2022 ஞாபகமிருக்கிறதா? பெற்றோல் இல்லை, வந்தாலும் அளந்து தரக் கியூஆர் அட்டை, டவுனுக்குள் வாகனமே இல்லை, எங்கே வேண்டுமானாலும் படுத்துக் கிடக்கலாம். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். தெரு முழுக்கத் தரிப்பிடமாகக் கிடந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. சனத்தின் கையில் காசு, உங்கள் விலை, நீங்கள் வைத்திருக்கிற சாமான், சுப்பர் மார்க்கெட், போனில் ஓடர் பண்ணினால் வீட்டுக்கே வருகிற பார்சல், இதெல்லாம் முன்னால் நிற்கிறது, தரிப்பிடம் ஆறாவதுதான். ஆனால் அந்த ஆறாவதைத்தான் நாங்கள் கூடிச் சரிசெய்யலாம், மற்றவை எல்லோரும் கூடிச் சரிசெய்கிற விஷயம் இல்லை. காலமும் நெருக்குகிறது, 2020லிருந்து மூடிக்கிடந்த வாகன இறக்குமதி 2025ல் திறந்துவிட்டது.

அப்போ சபையிடம் என்ன கேட்பது என்று கேட்டால், நான் கேட்பது இது. தெருவைக் குத்தகைக்குக் கொடுக்காதே, கொடுத்தாலும் துண்டு எண்ணிக்கைக்குக் கொடுக்காதே. முதல் அரை மணித்தியாலம் எல்லோருக்கும் இலவசம், பிறகு ஏறிக்கொண்டே போகிற கட்டணம், அதுவும் மூன்று மொழியில் பெரிய பலகையில். அரை மணித்தியாலத்தில் மருந்து வாங்குகிறவனும் கொப்பி வாங்குகிறவனும் போய்விடுவான், நாள் முழுக்க நிற்கிற முதலாளிக்குத்தான் சுடும், சுடட்டும். சேலை எடுக்க வருகிறவர்களுக்கு அரை மணித்தியாலம் எங்கே போதும் என்று நீங்கள் கேட்பீர்கள், கலியாணச் சேலை என்றால் மூன்று மணித்தியாலமும் போதாது, தெரியும். பத்தாயிரக்கணக்கில் எடுக்கிற குடும்பத்துக்குத் தரிப்பிடத் துண்டை நீங்கள் பில்லில் கழித்துக் கொடுங்கள், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோடா உடைத்துக் கொடுக்கிறீர்கள்தானே. மோட்டார் சைக்கிளுக்குத் தனியாகக் கோடு வேண்டும், கார் இடத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே நிற்பதுதான் நம் டவுனில் அதிகம் வீணாகிற இடம். லொறி சாமான் இறக்குவது காலை எட்டரைக்கு முன், அல்லது கடை பூட்டியபிறகு. இதற்கு எதிர்ப்பு கடைக்காரரிடமிருந்துதான் வரும், சாமான் சுமக்கிற நாட்டாமைகளுக்கு விடியப்புறம் கூலி கூட, நேரத்துக்கு வந்து கடை திறக்க வேண்டும் என்று. ஆட்டோ நிற்கிற இடத்தை அவர்களோடு இருந்து பேசித்தான் குறிக்க வேண்டும், அவர்களை ஒதுக்கிவிட்டுப் போட்ட எந்தக் கோடும் ஒரு கிழமை தாண்டாது. எடுக்கிற காசின் கணக்கை மாதாமாதம் சபை வாசலில் ஒட்ட வேண்டும், அதில் நடைபாதைக்கும் பொதுக் கழிவறைக்கும் எவ்வளவு போனது என்று. வெளியூர்ச் சனம் டவுனில் நான்கு மணித்தியாலம் நிற்க வேண்டுமென்றால் தரிப்பிடத்தை விடக் கழிவறைதான் முதல், அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் ஆண்கள் வாய் திறப்பதில்லை.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் வரிசையில் இருக்கிற கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள், சபைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பி எடுத்து, காலை ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று ஐந்து நேரம், வாசலில் நிற்கிற ஒவ்வொரு வாகனத்தின் கடைசி நாலு இலக்கத்தையும் எழுதச் சொல்லி ஒரு பெடியனை விடுங்கள். ஒரே இலக்கம் நாலு தடவை வந்தால் அது வாடிக்கையாளர் இல்லை. அப்படியே கடைக்குள் வருகிற ஐம்பது பேரிடம் எதில் வந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள், பெயர் விலாசம் வேண்டாம். அந்த இரண்டு தாளோடு போனால் சபையில் உங்களோடு பேசுகிற விதமே மாறும், வெறும் வாயோடு போகிற பத்துப் பேரை அவர்கள் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரு வார நாளும் ஒரு சனிக்கிழமையும் எண்ணினால் போதும். வெள்ளிக்கிழமை எண்ணாதீர்கள், ஜும்மா நேரம் பல கடைகள் பூட்டியிருக்கும், கணக்குப் பிழைக்கும். எண்ணுகிற அன்றைக்கு உங்கள் சைக்கிளை வழமையான இடத்திலேயே விடுங்கள், தள்ளி விட்டுவிட்டு எண்ணினால் அது களவு.